இணையப் பக்கமும் விளம்பர வருமானமும் – ஒரு உளுந்துக் கணக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாளர் நம் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் பயின்றவர், தற்போது சென்னையில் மென்பொருள் பொறியாளராகப் பணிபுரிகிறார்.)

 

உ.வே.சாமிநாதையர் தமிழ் கற்பித்த கல்லூரி இது. கணித மேதை இராமானுஜன் படித்த கல்லூரி இது. அப்பேர்ப்பட்ட இடத்தில் வந்து நின்று கொண்டு, "வெப்சைட்டில் விளம்பரம் போட்டுக் காசு சம்பாதிப்பது எப்படி?" என்று பேசச் சொன்னால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தபோது ஒன்று சொன்னார்: "தம்பி, பசங்க நிறைய பேர் இதைப் பத்திக் கேக்கறாங்க. யாரோ வீடியோவில் ‘மாசம் லட்ச ரூபாய்’னு சொல்றதை நம்பி ஏமாறாம இருக்கவாவது நீங்க வந்து நாலு வார்த்தை பேசணும்." அதனால்தான் வந்தேன். என் தொழிலும் அதுவே. இணையதளங்களில் விளம்பரம் ஓடுகிற ஏற்பாட்டைச் செய்து கொடுக்கிற பொறியாளன் நான். அதோடு, இதில் ஒருமுறை நன்றாகச் சூடு பட்டவன். அந்தத் தகுதியும் எனக்கு உண்டு!

முதலில் அந்தச் சூடு பட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2016 பிப்ரவரி 22-ம் தேதி மகாமகம் நடந்தது உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கு முந்தின வருஷமே வெளியூர் உறவினர்களெல்லாம் எனக்குப் போன் செய்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். "சூரியனார்கோயிலுக்கு எந்த பஸ்?", "திருநாகேஸ்வரத்துல பால் அபிஷேகம் எத்தனை மணிக்குப்பா?", "ஆலங்குடி பார்த்துட்டுத் திருநள்ளாறு போய் ஒரே நாளில் திரும்பிடலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று ஒரு சிறிய இணையதளம் தொடங்கினேன். ஒன்பது நவக்கிரகத் தலங்கள், பஸ் நேரம், நடை திறக்கும் நேரம், பக்கத்தில் சாப்பாடு எங்கே கிடைக்கும் – அவ்வளவுதான். பெரிய இலக்கியம் ஒன்றுமில்லை. ஆனால் ஆட்கள் வந்தார்கள்.

2018-ம் ஆண்டு தமிழ்ப் பக்கங்களுக்கும் விளம்பரம் கிடைக்க வழி பிறந்தது. நானும் ஒரு விளம்பர நிறுவனத்தில் பதிவு செய்து கொண்டேன். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. மாதாமாதம் சில நூறு ரூபாய் சேர ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில்தான், நம் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்த எங்கள் தெருப் பையன் ஒருவன், இறுதியாண்டு பரீட்சைக் கட்டணத்துக்கும் விடுதிப் பாக்கிக்கும் திண்டாடுகிறான் என்று தெரிய வந்தது. "கவலைப்படாதே, வெப்சைட் பணம் வருது, அதை உனக்கே தர்றேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். சொன்னதோடு நிற்காமல், வகுப்பு நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அதைப் போட்டுவிட்டேன். அங்கேதான் வினை!

நண்பர்கள் நல்ல மனசுக்காரர்கள். "மாப்ளே, நீ ஒண்ணும் யோசிக்காதே. தினமும் ஆளுக்குப் பத்து தடவை உன் விளம்பரத்தை அமுக்கிடறோம். பையன் பரீட்சை எழுதட்டும்" என்றார்கள். நானும் சிரித்துக் கொண்டே விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது: முறையற்ற கிளிக்குகள் காரணமாகக் கணக்கு மூடப்பட்டது. அதில் இருந்த பணம் விளம்பரதாரர்களுக்கே திருப்பித் தரப்படும்! முறையீடு செய்தேன், பலிக்கவில்லை. அவர்கள் செய்தது சரிதான். ஏமாந்தது நானில்லை, பொய்க் கிளிக்குக்குக் காசு கொடுத்த விளம்பரதாரர்தான் ஏமாந்தவர்.

பையனுக்கு என் சம்பளத்திலிருந்து பணம் கட்டினேன். அது பெரிய விஷயமில்லை. ஆனால் அவனிடம் "வெப்சைட் பணம்" என்று பொய் சொல்லித்தான் கொடுத்தேன். அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது. ஆகவே, தம்பி தங்கைகளே, இன்றைய பேச்சின் முதல் பாடம், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிற பாடம் இதுதான்: உங்கள் பக்கத்திலுள்ள விளம்பரத்தை நீங்களும் தொடாதீர்கள், உங்கள் நண்பர்களையும் தொடச் சொல்லாதீர்கள். "எங்களை ஆதரிக்க விளம்பரத்தைச் சொடுக்குங்கள்" என்று எழுதுவதும் கூடாது. மேலே "விளம்பரம்" என்று மட்டும் போடலாம்.

காசு எங்கிருந்து வருகிறது?

விளம்பரம் என்பது நம் பக்கத்து மண்ணுக்குப் புதிதல்ல. திருத்துறைப்பூண்டிக்காரரான எஸ்.எஸ். வாசன், பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துக் கொடுக்கும் தொழிலில் இருந்தவர். 1928-ல் ஆனந்த விகடனை வாங்கி நடத்தினார். வாசகன் எதைப் படிப்பான், வியாபாரி எதற்குக் காசு கொடுப்பான் என்ற இரண்டும் தெரிந்தவர் கையில் பத்திரிகை வந்தது, வளர்ந்தது. இந்த இரண்டு கேள்விகளும் இன்றைக்கும் மாறவில்லை. காகிதம் போய்க் கண்ணாடித் திரை வந்திருக்கிறது, அவ்வளவே.

இணையத்தில் 1994 அக்டோபரில் ‘ஹாட்வயர்டு’ என்ற அமெரிக்கத் தளத்தில் பட்டை விளம்பரங்கள் வந்தன. அன்றைக்கு ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியிடம் நேராகப் பேசி இடம் வாங்கியது. இன்றைக்கு அப்படியில்லை. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தவுடன், அது திரையில் விரிவதற்குள், அந்த இடத்துக்கு ஒரு ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. நெல் மண்டியில் ஏலம் விடுகிற மாதிரிதான். ஆனால் மண்டியில் அரை மணி நேரம் ஆகும். இங்கே ஒரு நொடிக்கும் குறைவு. அதிக விலை கேட்டவரின் விளம்பரம் உங்கள் திரையில் வருகிறது.

சின்னத் தளங்களும் இந்த ஏலத்தில் கலந்து கொள்ள வழி செய்தவற்றில் முக்கியமானது கூகுளின் ‘ஆட்சென்ஸ்’. 2003-ல் தொடங்கியது. இந்திய மொழிகளில் இந்திக்கு 2014-லும், வங்காளிக்கு 2017-லும், தமிழுக்கு 2018-லும் அது இடம் கொடுத்தது. அதற்கு முன் தமிழில் எழுதியவர்கள் வருமானத்துக்காகவே ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் எழுதி வைத்த காலம் உண்டு. நானே அப்படி எழுதியவன்தான்.

சரி, விளம்பரதாரர் 100 ரூபாய் கொடுத்தால் நமக்கு எவ்வளவு? விளம்பரதாரர் கூகுள் வழியாகவே வாங்கினால், அந்தப் பக்கத்துக் கட்டணமாகச் சராசரி 15 ரூபாய் போகிறது. மீதி 85-ல் 80 சதவீதம், அதாவது 68 ரூபாய், தளம் நடத்துகிறவருக்கு. இன்னொரு மாற்றமும் 2024 தொடக்கத்தில் வந்தது. முன்பெல்லாம் பெரும்பாலும் ‘கிளிக்’ ஆனால்தான் காசு. இப்போது விளம்பரம் காட்டப்பட்டதற்கே கணக்கு. ஆகவே "எப்படியாவது அமுக்க வைக்கணும்" என்ற பழைய புத்தி இன்றைக்குத் தவறு மட்டுமல்ல, வீண் வேலையும்கூட.

ஒரு சின்னக் கணக்கு

கணிதத் துறையில் படித்தவனை மேடையில் ஏற்றினால் கணக்குப் போடாமல் இறங்குவானா?

இந்தத் தொழிலில் முக்கியமான அளவு ‘ஆர்.பி.எம்.’ என்பது. ஆயிரம் முறை பக்கம் பார்க்கப்பட்டால் எவ்வளவு வருமானம் என்பதுதான் அது. உதாரணத்துக்கு, உங்கள் தளத்தை மாதம் 30,000 முறை பார்க்கிறார்கள், ஆயிரத்துக்கு 40 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். முப்பதை நாற்பதால் பெருக்கினால் 1,200 ரூபாய். ஆட்சென்ஸில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். ஆக, முதல் பணம் கைக்கு வர ஏழெட்டு மாதம் ஆகும். அதற்கு முன்பே, 10 டாலர் சேர்ந்ததும் உங்கள் முகவரி சரிதானா என்று பார்க்கத் தபாலில் ஒரு ரகசிய எண் வரும். விடுதி முகவரி கொடுத்துவிட்டு, விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டால் அந்தத் தபால் போனது போனதுதான். வீட்டு முகவரியைக் கொடுங்கள்.

வருமானத்தை நான்கு மதகுகள் கொண்ட வாய்க்காலாக நினைத்துப் பாருங்கள். எத்தனை பேர் வருகிறார்கள்? வந்தவர் எத்தனை பக்கம் பார்க்கிறார்? பக்கத்திலுள்ள விளம்பரம் உண்மையிலேயே கண்ணில் படுகிறதா? அந்த இடத்துக்கு என்ன விலை கிடைக்கிறது? இந்த நான்கும் ஒன்றோடொன்று பெருகுகின்றன, கூடுவதில்லை. ஆகவே மூன்று இடத்தில் மட்டும் பத்துப் பத்து சதவீதம் சரி செய்தாலே மொத்தத்தில் 30 அல்ல, 33 சதவீதம் கூடும். மாறாக ஒரு மதகு அடைத்துக் கொண்டால் மற்ற மூன்றையும் முழுக்கத் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வராது. இது நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி, ஒவ்வொரு மதகையும் திறக்கிற வழிகளையும், அதற்கு உதவுகிற கருவிகளையும் பார்ப்போம்.

1. முதலில் அளந்து பாருங்கள்

‘சர்ச் கன்சோல்’ என்ற இலவசக் கருவி, மக்கள் என்ன வார்த்தையைத் தேடி உங்கள் பக்கத்துக்கு வருகிறார்கள் என்று சொல்லும். ‘அனலிடிக்ஸ்’ என்ற கருவி, வந்தவர் எந்தப் பக்கத்தில் நின்றார், எங்கே போனார் என்று சொல்லும். இரண்டையும் வைத்துப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். மொத்தமாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. நான் கஷ்டப்பட்டு எழுதிய தலபுராணக் கட்டுரையை யாரும் சீண்டவில்லை. "கும்பகோணத்திலிருந்து திங்களூர் செல்வது எப்படி" என்று பத்து வரியில் எழுதியதைத்தான் எல்லோரும் தேடி வந்தார்கள். எனக்கு வருத்தம்தான். ஆனால் வாசகருக்கு எது தேவை என்று வாசகர்தானே சொல்ல வேண்டும்?

2. பக்கம் சீக்கிரம் திறக்க வேண்டும்

நம் வாசகர் எங்கே இருந்து பார்க்கிறார்? பெரும்பாலும் கைப்பேசியில், பஸ்ஸில் போய்க் கொண்டே. பக்கம் திறக்கத் தாமதமானால் அவர் திரும்பிப் போய்விடுவார், விளம்பரமும் காட்டப்படாது. ‘பேஜ் ஸ்பீட் இன்சைட்ஸ்’ என்ற கருவியில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் மூன்று அளவுகள் சொல்லும். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும். விரல் வைத்தால் 200 மில்லி நொடிக்குள் அசைய வேண்டும். படித்துக் கொண்டிருக்கும்போது எழுத்துகள் குதித்து இடம் மாறுகிற அளவு 0.1-க்கு மேல் போகக் கூடாது. வருகிறவர்களில் நாலில் மூன்று பேருக்காவது இப்படி அமைந்தால் நல்லது.

இந்தக் குதிக்கிற நோய்க்குப் பெரும்பாலும் விளம்பரமே காரணம். எழுத்து முதலில் வந்துவிடுகிறது. விளம்பரம் பின்னால் வந்து இடித்துத் தள்ளிக் கொண்டு உட்காருகிறது, கூட்டமான பஸ்ஸில் கடைசியாக ஏறினவர் மாதிரி. மருந்து எளிது: விளம்பரத்துக்கு உரிய உயரத்தை முன்கூட்டியே காலியாக ஒதுக்கி வையுங்கள். சீட்டில் துண்டு போட்டு வைக்கிற மாதிரி! அடுத்து, படங்களைச் சுருக்குங்கள். கோபுரத்தின் படத்தை கேமராவிலிருந்து எடுத்து அப்படியே ஏற்றாதீர்கள். தமிழ் எழுத்துருக்களும் கனமானவை. அழகுக்காக நாலு வகை எழுத்துரு போடாமல் ஒன்றோடு நிறுத்துங்கள்.

3. கண்ணில் படுகிற இடம், உறுத்தாத அளவு

ஒரு பட்டை விளம்பரம் "பார்க்கப்பட்டது" என்பதற்குத் தொழிலில் ஒரு வரையறை இருக்கிறது: அதன் பரப்பில் பாதியாவது ஒரு நொடி திரையில் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் யாரும் போகாத இடத்தில் ஐந்து விளம்பரம் வைப்பதைவிட, முதல் இரண்டு பத்திக்குப் பிறகு 300-க்கு 250 அளவில் ஒன்று வைப்பது மேல். கண்ணில் படாத இடம் என்று தெரிந்தால் ஏலத்திலும் விலை விழும். கீழே உள்ளவற்றை, வாசகர் அந்த இடத்தை நெருங்கும்போது மட்டும் வரவழைக்கிற வசதியும் உண்டு. அதைப் பயன்படுத்துங்கள்.

அதற்காகத் திணிக்கவும் கூடாது. கைப்பேசிப் பக்கத்தில் விளம்பரத்தின் உயரம் உள்ளடக்கத்தின் உயரத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தொழில்துறையே ஒரு தரம் வகுத்திருக்கிறது. திடீரென்று முகத்தில் அறைகிற மாதிரித் திறக்கும் விளம்பரம், தானே சத்தம் போட்டு ஓடும் வீடியோ எல்லாம் அதில் தள்ளுபடி. இந்தத் தரத்தைத் தொடர்ந்து மீறுகிற தளங்களில் ‘குரோம்’ உலாவி விளம்பரங்களையே மறைத்துவிடும். இது 2018-ல் சில நாடுகளிலும், 2019 ஜூலையிலிருந்து உலகம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. "அடுத்த பக்கம்" பொத்தானுக்கு ஒட்டி விளம்பரம் வைத்துக் கைதவறி அமுக்க வைக்கிற தந்திரமும் வேண்டாம். அதுவும் கணக்கை மூட வைக்கும்.

4. விலை எப்போது கூடும், யாரால் கூடும்?

ஒரே பக்கத்துக்கு எல்லா நாளும் ஒரே விலை இல்லை. நவராத்திரி, தீபாவளி நெருங்கும்போது வியாபாரிகள் விளம்பரத்துக்கு அதிகம் செலவழிப்பார்கள், விலை கூடும். புத்தாண்டு பிறந்ததும் இறங்கும். ஆகவே ஜனவரி மாதம் வருமானம் குறைந்தால் பதறிப் போய்த் தளத்தைப் பிரித்துப் போடாதீர்கள்.

நம் தளத்துக்கு வேறு பருவமும் உண்டு. குருப்பெயர்ச்சிக்கு ஆலங்குடி, சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு, ராகு–கேது பெயர்ச்சிக்குத் திருநாகேஸ்வரமும் கீழப்பெரும்பள்ளமும். பெயர்ச்சி அன்றைக்கு எழுதினால் அது செய்தி. இரண்டு மாதம் முன்னால் எழுதினால்தான் தேடுகிறவர் கண்ணில் படும். நாற்று விடுகிற நாள் வேறு, அறுக்கிற நாள் வேறு இல்லையா? அடுத்த மகாமகம் 2028-ல். இப்போதே விதைக்க வேண்டிய காலம்!

இன்னொன்று: வாசகர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தும் விலை மாறும். சிங்கப்பூரிலோ டொரண்டோவிலோ உட்கார்ந்து படிக்கிற தமிழருக்குக் காட்டும் விளம்பரத்துக்குப் பெரும்பாலும் கூடுதல் விலை. அவருக்கும் தேவை இருக்கிறது. "திருச்சி விமான நிலையத்திலிருந்து கும்பகோணம்" என்று ஒரு பக்கம் எழுதுங்கள், வயதான அம்மாவை அழைத்துக் கொண்டு எந்தக் கோயிலில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்று எழுதுங்கள். பயனும் உண்டு, விலையும் உண்டு.

5. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

விளம்பரத்தின் இடத்தையும் மாற்றி, அளவையும் மாற்றி, பக்கத்தின் நிறத்தையும் மாற்றிவிட்டு, வருமானம் கூடினால் எதனால் கூடிற்று என்று எப்படிச் சொல்வீர்கள்? ஆய்வுக்கூடத்தில் நம் இயற்பியல் ஆசிரியர்கள் சொல்லிக் கொடுத்ததுதான்: ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை. இரண்டு வாரமாவது விட்டுப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒரு செவ்வாய்க்கிழமையோடு ஒப்பிடாதீர்கள்.

6. கதவைப் பூட்டி வையுங்கள்

‘ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட்’ என்று ஒரு சின்னக் கோப்பு. 2017-ல் வந்த ஏற்பாடு. உங்கள் தளத்தின் விளம்பர இடத்தை விற்க யார் யாருக்கு உரிமை உண்டு என்று அதில் எழுதித் தளத்தின் வாசலிலேயே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் உங்கள் பெயரைச் சொல்லிப் போலி இடத்தை விற்கலாம். அதில் ஒரு வரி தப்பாக இருந்தாலே நல்ல விலை கேட்பவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். என்னிடம் "சார், திடீர்னு வருமானம் விழுந்துடுச்சு" என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்தக் கோப்பைத்தான்.

இதோடு, எந்த வகை விளம்பரம் வரக் கூடாது என்று தடுக்கிற வசதியையும் கட்டாயம் பயன்படுத்துங்கள். கோயில் நேரம் பார்க்க வந்த பாட்டியின் திரையில் "உடனே கடன்", "பணம் வைத்து விளையாடு" என்று வந்தால் அது நம் வீட்டு வாசலில் நாமே வைத்த கடை மாதிரிதான். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை விளம்பரம் செய்வதை 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமே தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நம் பெயருக்குக் கீழே எது வருகிறது என்பதற்கு நாம்தான் பொறுப்பு.

வருகிற பணம் எவ்வளவு சிறியதானாலும் அது வருமானம். கணக்கில் காட்டுங்கள், ஒரு ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக் கொள்ளுங்கள்.

7. கடைத் தெருவுக்கு நடந்து போங்கள்

கணக்கு மூடப்பட்ட பிறகு நான் என்ன செய்தேன்? சில மாதம் சோர்ந்து கிடந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்தபோது, எங்கள் அப்பா சாதாரணமாகக் கேட்டார்: "உன் பக்கத்தைப் படிக்கிறவன் எல்லாம் கும்பகோணத்துக்கு வர்றவன்தானே? அப்போ விளம்பரத்துக்கு ஏன்டா அமெரிக்காக்காரனைக் கேக்கறே? இங்க லாட்ஜ் இல்லையா, பாத்திரக் கடை இல்லையா?"

பத்து வருஷம் சாஃப்ட்வேர் எழுதினவனுக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றிற்று! அன்றைக்கே கிளம்பினேன். வெட்கத்தை விட்டு ஒரு லாட்ஜ், ஒரு வாடகை வண்டிக்காரர், ஒரு குத்துவிளக்குக் கடை என்று ஏறி இறங்கினேன். கையில் ஒரே ஒரு தாள்: போன மாதம் எத்தனை பேர் படித்தார்கள், எந்த ஊரிலிருந்து படித்தார்கள். "மாதம் 500 ரூபாய். மூணு மாசம் பாருங்க. உங்களுக்கு ஒரு போன்கூட வரலேன்னா பணத்தைத் திருப்பித் தர்றேன்" என்றேன். முதலில் சம்மதித்தவர் வண்டிக்காரர். மூன்றே பேர் சேர்ந்தாலும் 1,500 ரூபாய். முன்பு போட்டோமே, 30,000 பார்வைக்கு 1,200 ரூபாய் என்று, அதைவிட அதிகம்! நடுவில் யாருக்கும் பங்கில்லை, கிளிக் தகராறு இல்லை, 100 டாலருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சுவாமிமலைச் சிற்பம், திருபுவனம் பட்டு, நாச்சியார்கோயில் விளக்கு, கொழுந்து வெற்றிலை என்று உலகம் தேடி வருகிற பொருள் நம்மைச் சுற்றி இருக்கிறது. அந்த வியாபாரிக்கும் நல்லது, படிக்கிறவருக்கும் நல்லது.

இதில் இரண்டே நிபந்தனை. ஒன்று, "விளம்பரம்" என்று தெளிவாகப் போட வேண்டும். இரண்டு, காசு கொடுத்தார் என்பதற்காக "ஊரிலேயே சிறந்த லாட்ஜ்" என்று கட்டுரைக்குள் எழுதக் கூடாது. ஒரு தடவை வாசகர் நம்பிக்கை போனால் எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

உளுந்துக் கணக்கு

கடைசியாக ஒரு எச்சரிக்கை. 2024-லிருந்து, தேடுபொறியில் கேள்வி கேட்டால் செயற்கை நுண்ணறிவே மேலே பதில் எழுதிக் கொடுத்துவிடுகிற ஏற்பாடு நம் நாட்டிலும் வந்துவிட்டது. பதில் அங்கேயே கிடைத்தால் நம் பக்கத்துக்கு ஏன் வரப் போகிறார்கள்? இது எல்லாத் தளங்களுக்கும் உள்ள கவலை. என் அனுபவத்தில், எங்கும் கிடைக்கிற தகவலை எழுதினவர்களுக்குத்தான் அடி அதிகம். நேரில் போய்ப் பார்த்து, "இந்த பஸ் ஞாயிற்றுக்கிழமை ஓடுவதில்லை" என்று எழுதுகிறவரை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. ஆனாலும் நாளை என்ன ஆகும் என்று நம்பி, கிடைத்த வேலையை விட்டுவிட்டு இதில் இறங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

சம்பா அறுவடைக்கு முன்னால், ஈரம் காய்வதற்குள், வயலில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள் நம் பெரியவர்கள். தனி உழவு இல்லை, பெரிய செலவு இல்லை. இருக்கிற ஈரத்திலேயே முளைத்து, பனியிலேயே காய்த்துவிடும். விளைந்தால் வீட்டுக்கு இட்லிக்கு ஆச்சு, கைச்செலவுக்கும் ஆச்சு. விளையாவிட்டாலும் குடி முழுகிப் போகாது, மண்ணுக்காவது சத்து. விளம்பர வருமானமும் உளுந்துதான். உங்கள் சம்பா என்பது படிப்பும் வேலையும். உளுந்தை நம்பிச் சம்பாவை விட்டவனும் இல்லை. ஈரம் இருக்கும்போது உளுந்து தெளிக்காமல் விட்ட கெட்டிக்கார விவசாயியும் இல்லை.

இந்த மலரைக் கையில் வாங்கியதும் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். "விழா சிறக்க வாழ்த்துகிறோம்" என்று எத்தனை கடைகள்! அந்த விளம்பரக் காசில்தான் இந்த மலரே அச்சாகிறது. மாணவனாக இருந்தபோது நானும் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக் கொண்டு பெரிய கடைத் தெருவில் கால் பக்கம், அரைப் பக்கம் என்று கேட்டு அலைந்தவன்தான். இதே வேலையை இணையத்தில் செய்ய நமக்கு என்ன தடை?

ஆகவே சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். மாணவர்களே எழுதி நடத்துகிற ஒரு கும்பகோணம் வட்டாரத் தளம் தொடங்குவோம். தொழில்நுட்ப வேலையை நான் இலவசமாகச் செய்து தருகிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை வந்து சொல்லியும் தருகிறேன். ஊரில் தொழில் செய்யும் முன்னாள் மாணவர்கள் ஐந்து பேர் மாதம் ஐநூறு ரூபாய் விளம்பரம் தந்தால் வருஷத்துக்கு 30,000 ரூபாய். அதை அப்படியே பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு வைப்போம். அடுத்த தடவை ஒரு பையனிடம் "இது வெப்சைட் பணம்ப்பா" என்று சொல்லும்போது, அது பொய்யாக இல்லாமல் இருக்கட்டும்.